வெயிலும் வீட்டுக் கோழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி முடிகிறபோதே ஃபோன் வர ஆரம்பித்துவிடும். சொந்தக்காரர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், சந்தையில் கோழி வாங்கிப்போனவர்கள் என்று எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். வீட்டுக் கொல்லையில் ஐந்து முதல் ஐம்பது கோழி வரை வைத்திருப்பவர்களுக்கு இது போதும். பெரிய பண்ணைக்கு வேறு கணக்கு.

கோழி வாயைப் பிளந்துக்கிட்டே நிக்குதுங்க. சீக்கா, வெயிலா?

மத்தியானத்தில் மட்டும் அப்படி நின்றால் பெரும்பாலும் வெயில்தான். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அதற்கு இரண்டே வழி. ஒன்று, ரத்தத்தைக் கொண்டைக்கும் தாடிக்கும் காலுக்கும் அனுப்பி அந்தச் சூட்டைக் காற்றில் விடுவது. இன்னொன்று, வேகமாக மூச்சு இரைத்து, தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்குவது. இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்திருப்பதும் இதற்காகத்தான். இறக்கைக்கு அடியில் இறகு குறைவு, அங்கே காற்று படட்டும் என்று நிற்கிறது.

வாய் பிளந்திருந்தாலும் நடமாடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, ஆள் போனால் விலகுகிறது என்றால் அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. நாம் கை வைக்க வேண்டியதில்லை. விடியற்காலைக் குளிர்ச்சியிலும் வாய் பிளந்து, கரகரவென்று சத்தமும் மூக்கில் ஒழுக்கும் இருந்தால் அது சளி. அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எத்தனை டிகிரிக்கு மேல போனா பயப்படணும்?

கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். வெளிக்காற்று 30-ஐத் தாண்டும்போதே இரைக்க ஆரம்பிக்கும். 35-க்கு மேல் தீனி குறையும், முட்டை குறையும். 38-ஐத் தாண்டினால் கனத்த கோழிகள் தடுமாறும். 40-ஐத் தொட்டால் உடம்புக்கும் காற்றுக்கும் வித்தியாசமே இல்லாமல் போகிறது, இரைப்பது ஒன்றுதான் வழி.

ஆனால் செய்தியில் சொல்லும் வெப்பநிலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது நிழலில், தரைக்கு மேலே காற்றோட்டமான பெட்டியில் அளந்தது. உங்கள் தகரக் கூண்டுக்குள் அதைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கிக் கோழி நிற்கிற உயரத்தில் கட்டிவிட்டு, மதியம் இரண்டரை மணிக்குப் பாருங்கள்.

தகரம் போட்டுட்டேன் அண்ணே, இப்ப பிரிக்க முடியாது. என்ன பண்றது?

பிரிக்க வேண்டாம். தகரத்தின் மேல் தென்னங்கீற்றோ பனையோலையோ பரப்புங்கள். அப்படியே படுக்கவைக்காமல், குறுக்கே இரண்டு மூங்கிலைப் போட்டு அரை அடி இடைவெளி விட்டுப் பரப்பினால் நடுவில் காற்று ஓடும், பலன் இரட்டிப்பாகும். கீற்று கிடைக்காத இடத்தில் நிழல்வலையை அதே மாதிரி தூக்கிக் கட்டலாம். ஒன்றுமே முடியாவிட்டால் சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு பூச்சு அடியுங்கள். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பும், செலவும் குறைவு.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு: நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போது காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகலான பக்கங்களில்தான் அடிக்கும். கூரையின் தாழ்வாரம் மூன்றடி வெளியே நீண்டிருந்தால் பக்கவாட்டு வெயிலோடு கோடை மழைச் சாரலும் உள்ளே வராது. வேம்போ புங்கனோ பக்கத்தில் இருந்தால் அந்த நிழலை எந்தக் கூரையும் மிஞ்சாது.

அனல் காத்து உள்ள வராம சுத்தி தார்ப்பாய் கட்டிட்டேன். சரிதானே?

சரியில்லை. கோடையில் நான் பார்த்த சாவுகளில் பெரும்பாலானவை மூடிய கூண்டுக்குள் நடந்தவைதான். பத்துக் கோழி இரைக்கிற இடத்தில் சூடும் ஈரமும் சேர்ந்துகொண்டே போகும். வெளியே வழியில்லாவிட்டால் கூண்டு புழுக்கத்தில் அவிந்துவிடும். வெளியே அடிக்கிற காற்று சூடாக இருந்தாலும் அது ஓடுகிற காற்று, அதுவே மேல்.

நாலு பக்கமும் அடியில் ஒரு அடிச் சுவர் போதும், மேலே முழுக்க வலை. கூரை உச்சியில் கொஞ்சம் இடைவெளி இருந்தால் சூடான காற்று தானாக மேலேறிப் போய்விடும். மேற்கு வெயில் நேராக அடிக்கிறது என்றால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் சாக்கையோ கீற்றுத் தட்டியையோ இரண்டடி தள்ளி வெளியே கட்டுங்கள். வலையோடு ஒட்டிக் கட்ட வேண்டாம்.

ராத்திரி திறந்து விட்டா கீரி, மரநாய் வருமே அண்ணே?

வரும். பாம்பும் வரும். முட்டைக்கும் குஞ்சுக்கும் வருகிற பாம்பு, கோடையில் தண்ணீர்ச் சட்டி இருக்கிற ஈர இடத்தையும் விடாது. அதனால் கதவைத் திறந்துபோடச் சொல்லவில்லை, பலகைக் கதவுக்குப் பதில் வலைக் கதவு போடச் சொல்கிறேன். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், வருகிறவனைத் தடுக்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒருமுறை செலவு.

தண்ணி எவ்வளவு வைக்கணும்?

சாதாரண நாளில் ஒரு பெட்டை கால் லிட்டர் வரை குடிக்கும். கடும் வெயிலில் அது அரை லிட்டரையும் தாண்டும். பத்துக் கோழிக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலும் இருக்கட்டும்.

அளவைவிட முக்கியம் இடமும் சூடும். ஒரே டிரிங்கர் வைத்தால் வலுத்த கோழி அதன் முன்னால் நின்றுகொண்டு மற்றவற்றை விரட்டும். இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், எல்லாம் நிழலில். மாடித் தொட்டியிலிருந்து மத்தியானம் பிடிக்கிற தண்ணீரைக் கையில் ஊற்றிப் பாருங்கள், நமக்கே சுடும். கோழி அதைக் குடிக்காது. காலையிலேயே பிடித்துப் பானையில் வைத்துவிட்டு அதிலிருந்து மாற்றுங்கள். பிளாஸ்டிக்கைவிட மண்சட்டி நல்லது. அதன் வெளிப்பக்கம் லேசாகக் கசிந்து ஆவியாவதால் தண்ணீர் சில்லென்று இருக்கும். புதுச் சட்டியை ஒரு நாள் ஊறவைத்து வாசம் போக்கிவிட்டு வையுங்கள். பாசி பிடித்தால் தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் காயவைத்தால் போதும்.

ஐஸ் போடலாமா?

போடலாம். சட்டிக்கு நாலைந்து கட்டி போதும். சளி பிடிக்கும் என்று பயப்பட வேண்டாம், கோழிச்சளி கிருமியால் வருவது.

சாக்கை நனைச்சுக் கட்டச் சொல்றாங்க சிலர், கட்டாதேன்னு சொல்றாங்க சிலர். எதைக் கேக்குறது?

இரண்டு பேரும் சரி, ஊர்தான் வேறு. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று காய்ந்திருந்தால்தான் ஆவியாகும். கரூர், ஈரோடு, வேலூர், திருச்சி மாதிரி உள்நாட்டு ஊர்களில் பங்குனி, சித்திரை மத்தியானக் காற்று வறண்டு கிடக்கும். அங்கே நனைத்த சணல்சாக்கு அருமையாக வேலை செய்யும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரம் போனால் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. சாக்கு காயாது, கூண்டு புழுங்கும்.

முதல் கேள்வியில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். கோழி தன் மூச்சிலுள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் குளிர்கிறது. சுற்றியுள்ள காற்றில் நாம் ஈரத்தை ஏற்றிவிட்டால் அதன் முக்கிய வழியை அடைத்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் வறண்ட 40 டிகிரியைத் தாங்கிய கோழி, புழுக்கமான 36-ல் சாய்ந்துவிடுகிறது.

சோதிக்க எளிய வழி: மதியம் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து நிழலில் தொங்கவிடுங்கள். அரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டால் சாக்கு கட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் ஈரமாகவே இருந்தால் வேண்டாம், ஃபேனுக்குப் போங்கள். எப்படிக் கட்டினாலும் காற்று வருகிற பக்கம் மட்டும் கட்டுங்கள், எதிர்ப்பக்கம் திறந்திருக்கட்டும். தண்ணீர் சொட்டி உள்ளே தரையில் பரப்பிய உமி நனையக் கூடாது.

ஃபேன் போட்டா பிரயோஜனம் உண்டா?

உண்டு. கூரையில் மாட்டுவதைவிடத் தரையோரம் பக்கவாட்டில் வைத்து, கோழி நிற்கிற உயரத்தில் காற்று போகும்படி வையுங்கள். காற்றின் சூடு 40-ஐ நெருங்கும்போது வெறும் ஃபேன் அனலைத்தான் அள்ளி வீசும். அந்த நேரத்தில் உள்நாட்டு ஊர்க்காரர்கள் ஃபேனுக்கு முன்னால் ஈரச்சாக்கைத் தொங்கவிடலாம். ஒயர் கோழிக்கு எட்டக் கூடாது, கொத்தும். மோட்டாரில் இறகுத் தூசி அடைத்துத் தீப்பிடிப்பதும் உண்டு, வாரம் ஒருமுறை துடையுங்கள்.

மத்தியானம் தீனியைத் தொடவே மாட்டேங்குது. கையில பிடிச்சு ஊட்டலாமா?

தயவுசெய்து வேண்டாம். தீனி செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கிறது. தின்று சில மணி நேரம் கழித்துத்தான் அது உச்சத்துக்கு வரும். காலை பத்து மணிக்கு வயிறு முட்டத் தின்ற கோழிக்கு அந்தச் சூடும் இரண்டு மணி வெயிலும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். தின்னாமல் இருப்பது அதன் புத்திசாலித்தனம்.

விடிகிற நேரத்தில், ஐந்தரை ஆறு மணிக்கே வயிறார வையுங்கள். ஒன்பது மணிக்கு மிச்சத்தை எடுத்துவிடுங்கள். மறுபடி வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்கு மேல் வையுங்கள். அது தின்கிற அளவு குறைவதால் தீனியின் தரத்தைக் கூட்டுங்கள், கருவாட்டுத்தூள் கொஞ்சம், முருங்கைக்கீரை கொஞ்சம். பிசைந்த தீனி கோடையில் மதியத்துக்குள் புளித்துவிடும், அரை மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவே பிசையுங்கள்.

பிடிப்பது, விரட்டுவது, தடுப்பூசி, குடற்புழு மருந்து, சந்தைக்குக் கொண்டுபோவது எல்லாவற்றுக்கும் இதே நேரக்கணக்குதான். பதினொன்று முதல் நாலு வரை கோழியைச் சும்மா விடுங்கள். காலைக் கட்டி பைக்கில் தலைகீழாகத் தொங்கவிட்டு உச்சிவெயிலில் கொண்டுவருகிற கோழி, வீடு வந்தபின் செத்தால் கோழி மேல் குறை சொல்லிப் பயனில்லை.

கம்பு குளிர்ச்சி, மக்காச்சோளம் சூடுன்னு சொல்றாங்களே, மாத்திடவா?

கம்பு நல்ல தீனி, கிடைத்தால் கொடுங்கள். ஆனால் சோளத்தை நிறுத்தினால் கூண்டு குளிர்ந்துவிடும் என்று நம்பாதீர்கள். செரிக்கும்போது அதிகம் சூடு உண்டாக்குவது புரதம்தான், மாவுச்சத்து அதைவிடக் குறைவு, கொழுப்பு எல்லாவற்றிலும் குறைவு. அதனால் முதலில் குறைக்க வேண்டியது அளவுக்கு மீறிப் போடுகிற, புரதம் நிறைந்த புண்ணாக்கை. என்ன தானியம் என்பதைவிட எப்போது போடுகிறோம் என்பதுதான் பெரிய வித்தியாசம் செய்யும்.

மோர், நீச்சத்தண்ணி, தர்பூசணி இதெல்லாம்?

தர்பூசணித் தோல், வெள்ளரிக்காய், கீரைத்தண்டு மூன்றும் மதியத்துக்கு ஏற்றவை. வயிற்றுக்குப் பாரமில்லை, தண்ணீர்ச் சத்து போகும். தர்பூசணியைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்தால் வெள்ளைப் பகுதியைக் கொத்திக் கொத்தித் தோலைக் காகிதம் மாதிரி மெல்லியதாக்கிவிடும். சாயங்காலம் மிச்சத்தை அள்ளிப் போட்டுவிடுங்கள், ஈ மொய்க்கும்.

மோரும் நீச்சத்தண்ணியும் உப்பில்லாமல், நிறையத் தண்ணீர் விட்டு, கொஞ்சமாகக் கொடுக்கலாம். அதிகமானால் கழியும். நாம் குடிக்க உப்புப் போட்டுக் கலக்கிய மோரை வைக்க வேண்டாம், கோழிக்கு உப்பு கூடினால் ஆபத்து. பக்கத்தில் வெறும் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். கலக்கலாமா? எலுமிச்சையும் சமையல் சோடாவும் சேர்த்தா நல்லதாமே?

ஓ.ஆர்.எஸ். நல்லது. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்து, கடும் வெயில் நாட்களில் மட்டும், பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை வையுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், சர்க்கரை புளிக்கும்.

எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறது. கோழி தன் உடம்பிலேயே அதைத் தயாரித்துக்கொள்ளும், கடும் வெயிலில் மட்டும் போதாமல் போகும். நெல்லிக்காயை நசுக்கிப் போட்டாலும் அதே பலன். சோடா உப்பு வேறு காரணத்துக்கு, அடுத்த பதிலில் வருகிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் எலுமிச்சையின் அமிலமும் சோடாவின் காரத்தன்மையும் பொங்கி அடங்கி ஒன்றுக்கொன்று கழிந்துவிடும், மிஞ்சுவது பெருமை மட்டும். எலுமிச்சை, மோர் எதையும் துத்தநாகம் பூசிய தகரப் பாத்திரத்தில் ஊற்றாதீர்கள். மண்சட்டி அல்லது பிளாஸ்டிக்தான்.

முட்டை ஓடு மெல்லிசா, தொட்டா உடையுது. கால்சியம் குறைவா?

கால்சியம் மட்டும் காரணமில்லை. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். கோழி ஓயாமல் இரைக்கும்போது ரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. கார்பனேட்டுக்கு வேண்டிய சரக்கு குறைந்துபோகிறது. அதனால்தான் கிளிஞ்சலைக் கொட்டினாலும் சிலருக்கு ஓடு தேறுவதில்லை. லிட்டருக்குக் கால் டீஸ்பூன் சமையல் சோடா, இரண்டு மூன்று நாள், காலை நேரத்தில் வைத்துப் பாருங்கள். தொடர்ந்து வேண்டாம்.

கிளிஞ்சல்தூளைச் சாயங்காலத் தீனியோடு தனிச் சட்டியில் வையுங்கள், ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. முட்டையைக் காலை, மதியம், மாலை என்று எடுத்துவிடுங்கள், கூண்டுச் சூட்டில் சீக்கிரம் கெடும்.

சித்திரையில அடை வைக்கலாமா?

முடிந்தால் தள்ளிப்போடுங்கள். அடைக்கோழி தண்ணீருக்குக்கூட எழுந்திருக்கத் தயங்கும், வெயிலில் முதலில் சாய்கிறவற்றில் அதுவும் ஒன்று. முட்டைக்கு வேண்டியது 37.5 டிகிரியை ஒட்டிய சூடு. சுற்றுப்புறமே அதைத் தாண்டினால் கரு செத்துப்போகும்.

வைத்தே ஆக வேண்டும் என்றால் வீட்டுக்குள் இருக்கிற குளிர்ந்த மூலையில், மணல் நிரப்பிய அகலச் சட்டியில் வையுங்கள். முட்டையும் எட்டு ஒன்பது போதும். தண்ணீரை அதன் அலகுக்கு எட்டுகிற தூரத்தில் வைக்க வேண்டும். அடைக்காகச் சேர்க்கிற முட்டை ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. ஈர மணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் வைத்தால் அதுவரை தாங்கும்.

குஞ்சுக்கு இந்த வெயில்லயும் பல்பு போடணுமா?

பகலில் பெரும்பாலும் தேவையில்லை. முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே போகலாம். அந்தச் சூட்டைக் கோடைப் பகல் சும்மாவே தரும். விடியற்காலையில் மட்டும் பாருங்கள். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கும்பலாக இருந்தால் பல்பு வேண்டும். ஓரத்துக்கு ஓடி இறக்கையை விரித்துக் கிடந்தால் அணைத்துவிடுங்கள்.

செடிக்கடியில குழி தோண்டிப் படுத்துக்கிட்டு என் ரோஜாவையே சாய்ச்சுடுச்சு…

மேல்மண்ணைக் கீறிவிட்டால் அடியில் குளுகுளுவென்று இருக்கும், வயிற்றை அதில் ஒட்டிப் படுத்தால் சூடு இறங்கும். அதோடு பேனும் உதிரும். மரத்தடியில் ஒரு மூலையைக் கொத்திவிட்டு, மணலும் கொஞ்சம் சாம்பலும் போட்டு, சுற்று மண்ணை மட்டும் காலையில் லேசாக நனைத்துவிடுங்கள். ரோஜாவைச் சுற்றிக் கல் அடுக்குங்கள். கூண்டுக்குள்ளும் உமியை இரண்டு அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள், கனமான படுகை மக்கும்போது சூடாகும்.

மொட்டை மாடியில வளர்க்கிறேன் சார், சென்னையில.

கோடை மூன்று மாதம் கீழே இறக்க வழி இருந்தால் இறக்கிவிடுங்கள் என்பதுதான் என் முதல் பதில். காங்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு முழுக்க விடும், கோழிக்கு ஓய்வே கிடைக்காது. முடியாதென்றால் கூண்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, மேலே இரட்டை நிழல்வலை கட்டி, கடற்காற்று வருகிற கிழக்குப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள். ஈரச்சாக்கு உங்களுக்கு இல்லை, காரணம் மேலே சொல்லியாயிற்று.

எந்த ரகம் வெயிலைத் தாங்கும்? நாட்டுக்கோழின்னா பயமில்லைதானே?

சிறுவிடைக்கோழி நன்றாகத் தாங்கும், உடம்பு சிறிது. கழுத்தில் இறகில்லாத ரகம் அதைவிட நன்றாகத் தாங்கும், மொத்த இறகே குறைவு. கறிக்கோழி குஞ்சை வாங்கிக் கொல்லையில் வளர்த்தால் அதுதான் முதலில் போகும். பெரிய அசீல் சேவலும் கொழுத்த முட்டைக்கோழியும் நடுவில். கடக்நாத் என்கிற கருங்கோழியின் கறுப்பு வெயிலை இழுக்கும், நிழல் இருந்தால் பிரச்சினையில்லை. நாட்டுக்கோழி தப்பிப்பது ரத்தத்தால் மட்டுமல்ல, தானே நிழல் தேடிப் போவதாலும்தான். அதைக் கூண்டில் அடைத்துவிட்டு ரகத்தை நம்பக் கூடாது.

மயங்கி விழுந்துடுச்சு! உடனே என்ன செய்யணும்?

நிழலுக்குத் தூக்குங்கள், கூட்டத்திலிருந்து பிரித்து. அகலப் பாத்திரத்தில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, காலும் அடிவயிறும் நனைகிற அளவுக்கு நிறுத்துங்கள் அல்லது தாங்கிப் பிடியுங்கள். கொண்டையையும் தாடியையும் ஈரத்துணியால் ஒற்றுங்கள், விசிறியால் வீசுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், தோலில் ரத்தநாளம் சுருங்கி உள்சூடு வெளியேறாமல் போகும். அதிர்ச்சியிலேயே சாவதும் உண்டு.

தலை தொங்குகிற கோழியின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்து, அது தானாக விழுங்குகிறதா பார்த்து அடுத்த சொட்டு வையுங்கள். நிமிர்ந்த பிறகு மேலே சொன்ன மாதிரி நீர்க்கக் கலந்த ஓ.ஆர்.எஸ். தண்ணீர். அன்று முழுக்கத் தனியாகவே இருக்கட்டும். எழுந்திருக்கவில்லை என்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகம், இல்லையென்றால் 1962 என்ற கால்நடை உதவி எண்.

ரெண்டு நாளா ஒண்ணொண்ணா சாகுது. வெயில்தான்னு விட்டுடலாமா?

விடாதீர்கள். வெயிலில் சாகிற கோழி பெரும்பாலும் பிற்பகலில், நல்ல சதைப்பற்றோடு, கனத்ததாகப் பார்த்துச் சாகும். விடியலில் செத்துக் கிடப்பது, பச்சையும் வெள்ளையுமாகக் கழிவது, கழுத்து முறுக்குவது, கால் இழுப்பது எல்லாம் வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோயின் அடையாளம். கோடையில் அது வேகமாகப் பரவும். கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்துவது இதற்காகத்தான். அம்மையும் இந்தப் பருவத்தில் வரும், கொண்டையில் கொப்புளம் தெரியும்.

எதனால் செத்தது என்றாலும் தானாகச் செத்த கோழியைக் கறியாக்காதீர்கள். சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதையுங்கள்.

கத்திரி முடிஞ்சதும் கீத்தெல்லாம் எடுத்துடலாமா?

மே 28-ஐப் பார்த்து வெயில் கிளம்பிப் போவதில்லை. சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, கத்திரி முடிந்த பிறகு. மேற்கு மாவட்டங்களில் தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் ஜூனிலேயே சாக்கை எடுத்துவிடலாம். கடலோரத்தில் ஜூன் முழுக்கக் கீற்று இருக்கட்டும். நடுவில் கோடை மழை பெய்தால் நனைந்த உமியை அன்றே அள்ளிவிட்டுப் புதிது போடுங்கள், ஈரப் படுகையில்தான் ரத்தக்கழிச்சல் தொடங்கும்.